டாங்ஸ் மலையில் ஒரு தகப்பன்–மகன் முகாம்

குஜராத்தின் தென்கிழக்கு மூலையில், மகாராஷ்டிர எல்லையை ஒட்டிக் கிடக்கும் டாங்ஸ் மாவட்டத்தில் மே மாதத்தின் பிற்பகுதி ஒரு தனிப் பருவம். சமவெளியில் கரும்பு வெட்டும் வேலை முடிந்து ஆண்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். மழை இன்னும் இறங்கியிருக்காது. உண்டுறைப் பள்ளிகளில் படிக்கும் பையன்கள் கோடை விடுமுறைக்கு வீட்டில் இருப்பார்கள். தகப்பனும் மகனும் ஒரே கூரையின் கீழ், அவசர வேலை ஏதுமில்லாமல் இருக்கக்கூடிய காலம் பல வீடுகளில் ஆண்டுக்கு இந்தச் சில வாரங்கள்தான். எங்கள் பணித்தளத்துச் சபை மூப்பர்கள் தகப்பன்–மகன் முகாமை இந்த இடைவெளியில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு அதற்கு, தமிழ்நாட்டிலிருந்து மிஷனரிகளாக வந்திருக்கும் எங்கள் குடும்பம் உதவிக்கு நின்றது. திருநெல்வேலியிலும் சென்னையிலும் எங்களுக்காக ஜெபிக்கிறவர்கள் முகாம் எப்படி நடந்தது என்று விசாரித்து எழுதியிருந்ததால், மாதாந்திர ஜெபக் கடிதத்தில் அடங்காதவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டாங்ஸ் சிறிய மாவட்டம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,28,291. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் பழங்குடியினர். பீல், கோக்ணா, வார்லி என்று பல சமூகங்கள் தேக்கும் மூங்கிலும் அடர்ந்த இந்த மலைகளில் நெல்லும் கேழ்வரகும் உளுந்தும் விதைத்து வாழ்கின்றன. மழை ஏராளமாகப் பெய்தாலும் சரிவான நிலத்தில் அது தங்குவதில்லை. ஒரு போகம் எடுத்தபின் நிலம் காய்ந்துவிடும். ஆகவே தீபாவளி கழிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சமவெளிக்கு இறங்கி, பர்தோலி, கண்தேவி போன்ற இடங்களின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்காகக் கரும்பு வெட்டுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்த ஜோடியைத்தான் ஓர் ஆளாகக் கணக்கிடுகிறார்கள். அந்த ஜோடிக்குக் கோய்த்தா என்று பெயர். முக்காதம் எனப்படும் ஆள்பிடிக்கும் மேஸ்திரி மழைக்காலத்திலேயே, வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும் நேரம் பார்த்து, முன்பணம் கொடுத்துவிடுவார். அந்தப் பணத்தை வெட்டித் தீர்க்கும்வரை திரும்பி வர முடியாது. கைக்குழந்தைகள் பெற்றோரோடு வயலோரத்துப் பிளாஸ்டிக் குடில்களுக்குப் போய்விடுகின்றன. பள்ளிக்கூடம் போகும் வயதுப் பையன்கள் விடுதியிலோ பாட்டியின் வீட்டிலோ நின்றுவிடுகிறார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் இப்படிக் கழிகிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த மகன் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் தகப்பனோடு எத்தனை நாள் பேசியிருப்பான் என்று ஒரு மூப்பர் கேட்டதிலிருந்துதான் இந்த முகாமே தொடங்கியது. எங்களிடமிருந்தோ எங்களை அனுப்பிய சபையிடமிருந்தோ வந்த யோசனை அல்ல இது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முகாம் என்றதும் நம் ஊர் விசுவாசிகளுக்குக் கொடைக்கானலோ ஏற்காடோ, பெயர் அச்சிட்ட பனியனோ நினைவுக்கு வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சாபுத்தாரா மலைவாசத்தலம் அருகில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே அறை எடுக்க யாரிடமும் பணம் இல்லை. தவிரவும், வெளியிடத்தில் கூடுவதை மூப்பர்கள் விரும்புவதில்லை. 1998ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கி இந்த மாவட்டத்தில் பல சிற்றாலயங்கள் தாக்கப்பட்டன. அன்றைய பிரதமர் வாஜ்பாய் அடுத்த ஜனவரியில் இங்கு வந்து பார்வையிட்டார். இன்று தகப்பன்மாராக முகாமுக்கு வருகிறவர்களில் சிலர் அந்த நாட்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள். அதனால் எங்கள் முகாம் சிற்றாலயத்தின் முற்றத்திலேயே நடக்கிறது. சபைக் குடும்பங்களின் ஆண்களும் மகன்களும் மட்டும் வருகிறார்கள், பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே எழுதப்படுகிறது, ஊர்த் தலைவருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் தரப்படுகிறது. இதைப் பயம் என்று யாரும் எண்ண வேண்டாம். பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிவிட்டுச் செய்வது இந்த மலையில் எல்லாக் காரியத்துக்கும் உள்ள முறைதான்.

கட்டணம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தகப்பனும் இரண்டு பேருக்கு வேண்டிய அரிசி, கேழ்வரகு மாவு, உளுந்து ஆகியவற்றோடு ஒரு சுமை விறகும் கொண்டுவர வேண்டும். எண்ணெய், உப்பு, தேயிலை, சர்க்கரை ஆகியவற்றைச் சபைக் காணிக்கையிலிருந்து வாங்கினோம். நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதுவதும் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. சமையலுக்கு மூன்று விதவைத் தாய்மார் முன்வந்தார்கள். அவர்களுடைய பையன்களும் முகாமில் இருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். என் மகள் தண்ணீர் நிரப்புவதையும், அண்ணன் இல்லாமல் இருக்க மாட்டோம் என்று அடம்பிடித்து அண்ணன்மாரோடு வந்துவிட்ட சின்னஞ்சிறுவர்களைக் கவனிப்பதையும் ஏற்றுக்கொண்டாள். என்னை இங்கே எல்லாரும் ‘பென்’ (சகோதரி) என்றும், என் கணவரை ‘பாய்’ (சகோதரன்) என்றும் அழைக்கிறார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு, பென், உப்பு எங்கே, பென், புளி எதற்கு என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியபடியே முற்றத்தில் நடந்ததையெல்லாம் பார்த்தேன். ஆண்களுக்கான முகாமைப் பற்றி ஒரு பெண் எழுதுவது எப்படி என்று கேட்பவர்கள், அடுப்படியிலிருந்து முற்றம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை அறியாதவர்களாகவே இருப்பார்கள்.

எங்கள் குடும்பத்தின் உதவி என்னவாக இருக்க வேண்டும் என்பதில்தான் இந்த முறை அதிகம் யோசித்தோம். வழக்கமாக மிஷனரி என்றால் செய்தி கொடுப்பவர், ஜெபம் ஏறெடுப்பவர், கடைசியில் எல்லாருடைய தலையிலும் கைவைத்து ஆசீர்வதிப்பவர். இந்த முகாமில் என் கணவர் அவற்றில் எதையும் செய்யவில்லை. எங்கள் மகன் தமிழ்நாட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஆண்டு முடிந்ததும் திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகர் செல்லும் ரயிலில் ஏறி, எங்கள் சக ஊழியர் ஒருவரின் துணையோடு சூரத்தில் வந்து இறங்குகிறான். கரும்பு வெட்டப் போகும் தகப்பனுக்கும் விடுதியில் இருக்கும் மகனுக்கும் இடையே என்ன இருக்கிறதோ அதுவே எங்கள் வீட்டிலும் இருக்கிறது. போகிற ஆள் மட்டும் மாறியிருக்கிறார். ஆகவே மூப்பர்கள் என் கணவரிடம், “பாய், இந்த முறை நீங்கள் உங்கள் மகனோடு பாயில் உட்காருங்கள், நடத்துவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொன்னபோது அது மறுக்க முடியாத சொல்லாக இருந்தது. செய்திகளை உள்ளூர்ப் போதகரும் இரண்டு மூப்பர்களுமே கொடுத்தார்கள். மிஷனரி ஒருவர் மற்றத் தகப்பன்மாரோடு வரிசையில் உட்கார்ந்து, தட்டை ஏந்திச் சோறு வாங்கி, கேட்கப்பட்ட கேள்விக்குத் தன் முறை வரும்போது பதில் சொன்னது, அவர் எத்தனை செய்தி கொடுத்திருந்தாலும் ஆகாத ஒரு காரியத்தைச் செய்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயரான அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசும்போது, மேலைநாட்டு மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். அப்போது அவர் இன்னும் பேராயர் ஆகவில்லை. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்ற முறையில் அந்தப் பேச்சு வெள்ளையருக்கு மட்டுமன்றி, தமிழ்நாட்டை விட்டு வடக்கே போகிற எங்களைப் போன்றவர்களுக்கும் பொருந்தும் என்பதை அவர் அறிந்தே இருந்திருப்பார். நண்பனாவது எப்படி என்பதற்கு ஓர் எளிய வழியை டாங்ஸ் மூப்பர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்: மேடையிலிருந்து இறக்கிப் பாயில் உட்காரவைப்பது.

முகாமின் அன்றாட ஒழுங்கு இப்படி இருந்தது. விடியற்காலையில் தேநீர், ஜெபம், பாட்டு. பிறகு வேத வாசிப்பு. அதற்குப்பின் வெயில் ஏறும்வரை வேலை. மதியம் சாப்பாடும் உறக்கமும். மாலையில் ஓடைப் பக்கமாக நடை. இரவில் ஒரே ஒரு செய்தி. அதுவும் அரைமணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று மூப்பர்களே கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். நம் ஊர் முகாம்களில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, இரவில் ஒன்று என்று செய்திகளை அடுக்கி, நடுவில் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் பழக்கம் இருக்கிறது. தகப்பனையும் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, இருவரையும் மூன்றாவது ஒருவரின் வாயைப் பார்க்கச் செய்துவிட்டு, இருவரும் பேசிக்கொள்ளவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பொருள் இல்லை.

வேத வாசிப்பு நடந்த விதத்தைச் சற்று விவரிக்க வேண்டும். தகப்பன்மாரில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது. மகன்மார் எல்லாரும் குஜராத்தி வழியில் படிக்கிறவர்கள். எனவே மகன் குஜராத்தி வேதாகமத்திலிருந்து பகுதியை உரக்க வாசிப்பான். தகப்பன் அதைக் கேட்டு, வீட்டுப் பேச்சான டாங்கியில் அதைக் கதையாகத் திருப்பிச் சொல்வார். வாசிக்கத் தெரிந்தவன் மகன், சொல்லத் தெரிந்தவர் தகப்பன். பாட்டிகளும் பெரியப்பாக்களும் இரவு முழுக்கக் கதை சொல்லும் மலை இது. ஒருமுறை கேட்டதை விட்டுப்போகாமல் திருப்பிச் சொல்வது இவர்களுக்கு இயல்பாக வரும். தன் தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது என்று விடுதியில் கூசி நிற்கும் ஒரு பையன், தான் தட்டுத் தடுமாறி வாசித்த பத்து வசனத்தை அவர் ஒரு பெயரும் பிசகாமல், குரலை ஏற்றி இறக்கி, சுற்றிலும் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொல்வதைக் கேட்டபோது அவன் உட்கார்ந்திருந்த விதமே மாறியது. எங்கள் மகனுக்குக் குஜராத்தி வாசிப்பு வராது; அவன் தமிழ் வேதாகமத்தை வாசிக்க, அவன் தகப்பன் மற்றவர்களைப் போலவே அதை டாங்கியில் சொன்னார். ஒரு வினைச்சொல்லை அவர் தவறாகச் சொல்லிவிட, பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பையன் திருத்தினான். எல்லாரையும்விட எங்கள் மகன்தான் அதிகம் சிரித்தான்.

வாசித்த பகுதி லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பாகம். பன்னிரண்டு வயதான இயேசுவை எருசலேமில் விட்டுவிட்டு, பிரயாணக்காரரின் கூட்டத்திலே இருப்பார் என்று எண்ணி, மரியாளும் யோசேப்பும் ஒரு நாள் பிரயாணம் வந்துவிடுகிறார்கள். இந்தப் பகுதிக்கு நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் ஆலயத்தில் போதகர் நடுவில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பற்றியே இருந்தன. டாங்ஸ் தகப்பன்மார் பிடித்துக்கொண்டது அந்த ஒரு நாள் பிரயாணத்தை. லாரியில் முப்பது நாற்பது பேராக, சட்டி பானை, கோழி, குழந்தைகளோடு ஏற்றப்பட்டு நடு இரவில் முன்பின் தெரியாத வயலோரத்தில் இறக்கப்படுகிறவர்களுக்கு, பிள்ளை சித்தப்பாவோடு இருக்கும் என்று இவரும், தாயோடு இருக்கும் என்று அவரும் நினைத்துக்கொண்டு போவது எப்படி நடக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படித் தொலைந்து, மறுநாள் அடுத்த குடியிருப்பில் கிடைத்த கதைகள் மூன்று வந்தன. அவற்றில் ஒன்றில் தொலைந்த பையன் இன்று தகப்பனாக உட்கார்ந்திருந்தார். “உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே” என்ற மரியாளின் சொல்லை ஒரு மகன் வாசித்தபோது, அவனுடைய தகப்பன் அதைத் திருப்பிச் சொல்லாமல் அவனையே இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூடச் சுவிசேஷங்களில் இல்லை. தேவதூதன் சொப்பனத்தில் சொல்வதைக் கேட்கிறார், எழுந்திருக்கிறார், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போகிறார், தேடுகிறார், பேசுகிறவள் மரியாள்தான். ஆனாலும் நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சன் என்று அழைத்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அந்தத் தொழிலை அவர் யாரிடம் கற்றிருப்பார்? போதகர் தம் செய்தியில் கேட்ட இந்தக் கேள்விதான், என் கணிப்பில், அந்த முகாமில் சொல்லப்பட்டவற்றில் மிகச் சிறந்தது. பேசத் தெரியாத தகப்பன்மாரைப் பேசு பேசு என்று நெருக்குவதற்குப் பதிலாக, கற்றுக்கொடுக்க உன் கையில் என்ன இருக்கிறது என்று அது கேட்டது.

அதற்குத்தான் வேலை நேரம். சிற்றாலயத்தின் நாட்டோடுகளை மழைக்கு முன் பிரித்து, உடைந்தவற்றைக் கழித்து, மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. வளாகத்தைச் சுற்றி மூங்கில் வேலி கட்ட வேண்டியிருந்தது. தகப்பனும் மகனுமாக ஆளுக்கு ஒரு பாகத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மூங்கிலை எந்தக் கணுவில் வெட்டினால் பிளவு நேராக ஓடும், பச்சைப் பட்டையை எந்தப் பக்கம் வைத்தால் கட்டு இறுகும், ஏணியில் நிற்கிறவனுக்கு ஓட்டை எப்படி எறிந்தால் பிடிக்க வரும் என்பதெல்லாம் விடுதியில் வளர்ந்த பையன்களுக்குத் தெரியாது. கத்தியைப் பிடித்த மகனின் கைமேல் தகப்பன் தன் கையை வைத்து இழுத்துக் காட்டும்போது இருவருடைய கண்ணும் மூங்கிலில் இருக்கும். அப்படி இருக்கும்போதுதான் பேச்சு வருகிறது. முகத்தை முகம் பார்த்து உட்காரவைத்தால் இரண்டு ஆண்கள் பேசமாட்டார்கள்; ஒரே பொருளை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தால் பேசுவார்கள். விடுதியில் மூட்டைப்பூச்சி இருப்பதும், கணக்கு வாத்தியார் அடிப்பதும், பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தானும் கரும்புக்கு வருகிறேன் என்று ஒருவன் தீர்மானித்திருப்பதும் ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில்தான் வெளியே வந்தன. கடைசியாகச் சொன்னதைக் கேட்ட தகப்பன் அன்று முழுவதும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலி கட்டும்போது, இந்த ஆண்டு முன்பணம் வாங்கப் போவதில்லை என்று சொன்னார். அது எவ்வளவு பெரிய சொல் என்பது முக்காதத்திடம் கடன்பட்டவர்களுக்குத்தான் விளங்கும். அவரால் அதைக் காப்பாற்ற முடிய வேண்டும் என்று ஜெபியுங்கள்.

என் கணவருக்கு மூங்கில் வேலை தெரியாது. இத்தனை ஆண்டுகளாக இந்த மலையில் இருந்தும் அவர் பிளக்கும் மூங்கில் பாதியில் கோணிக்கொண்டு போகிறது. எனவே எங்கள் வீட்டுத் தகப்பனும் மகனும் ஒரு வயதான மூப்பரிடம் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். தகப்பன் தனக்குத் தெரியாத ஒன்றைத் தன்னோடு சேர்ந்து கற்பதைப் பார்ப்பது ஒரு பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை. அவனிடம் கேட்டேன், நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னான். பதினான்கு வயதுக்கு அது நீண்ட பதில்தான்.

மிஷனரிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் என்ற பொருளில் நம் ஊர்க் கூடுகைகளில் எப்போதும் சொல்லப்படுவது ஸ்கடர் குடும்பத்தின் கதை. ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னையில் பணியாற்றினார். அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். பேத்தி ஐடா வேலூர் மருத்துவமனையை நிறுவினார். நல்ல கதைதான். ஆனால் அதையே திரும்பத் திரும்பக் கேட்கும் இளம் மிஷனரித் தம்பதிகள், ஊழியத்தைப் பார்த்துக்கொண்டால் பிள்ளைகள் தாமாக வளர்ந்துவிடுவார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட அதிகம் பயன்பட்டது ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியின் வீட்டில் நடந்தது. கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரதியின் மனநிலை குலைந்தது. கேரியோ மொழிபெயர்ப்பிலும் அச்சிலும் மூழ்கியிருந்தார். மூத்த மகன் பெலிக்ஸும் தம்பிகளும் கேட்பாரற்று வளர்ந்தார்கள். 1799இல் வங்காளத்தின் செராம்பூருக்கு வந்து சேர்ந்த அச்சுத் தொழிலாளியும் மிஷனரியுமான வில்லியம் வார்டுதான் அந்தப் பையன்களைத் தம் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, அச்சகத்தில் வேலை கற்றுக்கொடுத்து, பேசி, வழிக்குக் கொண்டுவந்தார். 1800 டிசம்பர் 28ஆம் தேதி, அவர்களுடைய பணியின் முதல் இந்து விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்ற அதே நாளில், ஹூக்ளி ஆற்றில் கேரி தம் மகன் பெலிக்ஸுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த நாளின் மகிமை கேரியின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது; அதற்குமுன் அச்சுக்கோக்கும் மேசையில் பெலிக்ஸோடு நின்ற வார்டை யாரும் நினைப்பதில்லை. பிற்காலத்தில் பெலிக்ஸ் பர்மாவுக்குப் போய், ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்ததில் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்து, மனம் உடைந்து கிழக்கே அலைந்துகொண்டிருந்தபோது, 1818இல் அவரைக் கண்டு செராம்பூருக்குத் திரும்ப அழைத்துவந்தவரும் வார்டுதான்.

எங்கள் மகனுக்கும் விடுதியில் இப்படி ஒரு வார்டு இருக்கிறார்; அங்கு தச்சுப் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆசிரியர். அவருடைய பெயரை எழுத அனுமதி கேட்கவில்லை. சமவெளியில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்கென்று 1901இல் கொடைக்கானலில் பள்ளி தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, மிஷனரிகளின் மகன்மாரை வளர்ப்பதில் பிறருடைய கை இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே முகாமிலும் தகப்பன் இல்லாத பையன்களைத் தனியே நிறுத்தக்கூடாது என்பதில் மூப்பர்கள் உறுதியாக இருந்தார்கள். சிலருடைய தகப்பன் இறந்துவிட்டார். சிலருடைய தகப்பன் வர மறுத்துவிட்டார். ஒருவருடைய தகப்பன் குடித்துவிட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போனார். மது தடைசெய்யப்பட்ட மாநிலம் என்றாலும் இலுப்பைப் பூ உதிரும் மலையில் சாராயத்துக்குக் குறைவில்லை. இப்படிப்பட்ட பையனுக்கு முதலில் தாய்மாமனை, அவரும் இல்லாவிட்டால் பெரியப்பாவை அழைத்தார்கள். உறவில் யாரும் அமையாவிட்டால் ஏற்கெனவே மகனோடு வந்திருக்கும் ஒரு தகப்பனின் பாயில் அவனையும் சேர்த்தார்கள். எங்கள் மகனும் அவன் தகப்பனும் இருந்த பாயில் விதவைத் தாய் ஒருவரின் மகன் மூன்றாவதாக உட்கார்ந்தான். வினைச்சொல்லைத் திருத்தியது வேறு பையன். ஆனால் அடுத்த நாளிலிருந்து திருத்தும் உரிமையை இவன் எடுத்துக்கொண்டான்.

ஒரு காரியத்தில் எனக்கும் இளைஞர் ஊழியர் ஒருவருக்கும் கருத்து வேறுபட்டது. கடைசி இரவில் மகன்மார் ஒவ்வொருவராக எழுந்து, தகப்பனின் எந்தக் குணம் தங்களைக் காயப்படுத்தியது என்று சாட்சியாகச் சொல்ல வேண்டும், பிறகு தகப்பன் மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று அவர் திட்டம் வைத்திருந்தார். பெரிய நகரங்களின் கூட்டங்களில் இப்படிச் செய்வதை அவர் பார்த்திருக்கிறார்; கண்ணீரும் பெருகும். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த ஊரில் முகாம் முடிந்தபின்னும் எல்லாரும் ஒருவரை ஒருவர் நாளும் பார்க்க வேண்டியவர்கள். ஒரு பையன் தன் தகப்பனின் குடியைப் பற்றி ஊரின் நடுவில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. தகப்பனும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார், வீட்டில் தாய் இருக்கிறாள். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் தகப்பன்மாரை நோக்கி, பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று சொன்னது, மேடையில் நிறுத்தி வெட்கப்படுத்துவதற்கும் பொருந்தும் என்று மூப்பர்களிடம் சொன்னேன். அவர்கள் அந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக அன்றிரவு உணவைத் தகப்பன்மாரும் மகன்மாருமே சமைக்க வேண்டும் என்று அறிவித்து, எங்களையெல்லாம் அடுப்படியிலிருந்து வெளியேற்றினார்கள். கேழ்வரகு ரொட்டியைக் கையாலேயே தட்டி வட்டமாக்குவது பெண்களின் வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. அன்று வெந்த ரொட்டிகளில் இந்தியாவின் எல்லா மாநில எல்லைகளையும் காணலாம். மூன்று விதவைத் தாய்மாரும் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, தங்கள் மகன்மார் கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டார்கள்.

என் மகள் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் ஏன் ஒரு முகாம் இல்லை என்று அவள் மூன்றாம் நாள் கேட்டாள். இங்கே பெண்பிள்ளைகளும் விடுதிகளில்தான் படிக்கிறார்கள், அவர்களுடைய தகப்பன்மாரும் கரும்புக்குத்தான் போகிறார்கள் என்று காரணமும் சொன்னாள். நான் அதை மூப்பர்களிடம் கொண்டுபோனேன். ஒருவர் நல்ல யோசனை என்றார், ஒருவர் சிரித்தார், மற்றொருவர் மகள்மாரோடு வந்தால் ஊரார் என்ன சொல்வார்கள் என்று இழுத்தார். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது. நான் விடுவதாக இல்லை.

முகாம் கலைவதற்குமுன் தகப்பன்மார் தங்களுக்குள் கூடிப் பேசி மூப்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். திரும்பி வந்தபின் கூடுவது சரி, ஆனால் புறப்படுமுன்னும் ஓர் இரவு கூட வேண்டும். ஆறு மாதம் பிரிந்திருக்கப்போகிற மகனிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்பதுதான் தங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். அக்டோபரில் நெல் அறுவடை நெருக்கும், விடுதிகள் பையன்களை அனுப்ப வேண்டும், கூடவே முக்காதம் எந்த நாளில் லாரி அனுப்புவார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இருந்தாலும் தீபாவளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் ஓர் இரவை ஒதுக்குவது என்று முடிவாகியிருக்கிறது. அந்த வாரத்தில் எங்கள் மகன் தமிழ்நாட்டில் இருப்பான். சூரத்துக்கு வந்து திரும்பும் அளவுக்கு அவனுக்கு விடுமுறை இல்லை. இதைக் கேள்விப்பட்டதும் அந்த விதவைத் தாயின் மகன் என் கணவரிடம் வந்து, அப்படியானால் அன்றைக்கு உங்கள் பாயில் நான் மட்டும்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டான். எங்கள் மகனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னோம். சரி, ஆனால் மே மாதம் அந்த இடம் தனக்குத்தான் என்று அவனிடம் சொல்லிவைக்கச் சொன்னான்.